தலைவலிக்கு எதற்கு சைக்காலஜிஸ்ட்?

குழந்தைக்கு மாதக்கணக்கில் தலைவலி. ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் நரம்பியல் மருத்துவர் ஒரு உளவியலாளரின் பெயரை எழுதி, போய்ப் பாருங்கள் என்று சீட்டை நீட்டுகிறார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வரும் பெற்றோருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் அந்த ஒரே சீட்டை வீட்டில் ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். நான் பொய் சொல்கிறேன் என்று டாக்டர் நினைக்கிறார் என்று குழந்தைக்குத் தோன்றும். நம் வளர்ப்பில்தான் ஏதோ கோளாறு என்று பெற்றோருக்குத் தோன்றும். சொந்தக்காரர்கள் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள், "அப்போ ஒண்ணுமே இல்லையா, ஸ்கூலுக்குப் போகாம இருக்கத்தான் இவ்வளவும் பண்ணினாளா?"

என் மகளுக்குத் தலைவலி தொடங்கியபோது வயது 11. 13 வயதில் அநேகமாகத் தினமும் என்று ஆகிவிட்டது. அந்தச் சீட்டு எங்களுக்கும் வந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான், "நிஜமாவே வலிக்குதும்மா." அவளுக்கு அன்று நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். வலி நிஜம் என்பதில் அந்த மருத்துவருக்குச் சந்தேகமே இல்லை. நிஜமான வலிக்குக் கொடுக்கும் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று, அதுவும் இந்த வயதில் நன்றாகவே வேலை செய்யும் ஒன்று.

அதற்காக மருத்துவரிடம் போகாமல் நேராக உளவியலாளரிடம் போகலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, காலையில் வாந்தியோடு வரும் வலி, இருமினால் கூடும் வலி, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியது, வாரத்துக்கு வாரம் மோசமாகிக்கொண்டே போவது, இதில் எது இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். நான் பேசுவது அதெல்லாம் பார்த்து முடித்து, ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும் போகாமல் நிற்கும் வலியைப் பற்றி.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேலாக வலித்துக்கொண்டிருந்தால் அதை நாள்பட்ட தலைவலி என்கிறார்கள். பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன், இல்லையென்றால் தலையைச் சுற்றிக் கட்டு போட்டு இறுக்குவதாக உணரும் டென்ஷன் தலைவலி, சில பேருக்கு இரண்டும் கலந்து. பெயர் ஒற்றைத் தலைவலியே தவிர, குழந்தைகளுக்கு நெற்றியின் இரண்டு பக்கமும் சேர்ந்து வலிப்பதுதான் சகஜம். இதோடு மாத்திரைப் பிரச்சினை ஒன்றும் ஒட்டிக்கொள்ளும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகளையே மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் விழுங்கிவந்தால் மாத்திரையாலேயே தலைவலி நீடிக்கும். மைக்ரேனுக்கென்றே கொடுக்கும் ட்ரிப்டான் வகை மாத்திரைகளுக்கு 10 நாளே போதும். இதைப் பல வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சரி, மனசுக்கும் மண்டைவலிக்கும் என்ன சம்பந்தம்? மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. மூளையைச் சுற்றியிருக்கும் உறை, ரத்தக் குழாய்கள், கழுத்துத் தசை, இங்கிருந்தெல்லாம் வரும் சமிக்ஞையை முகத்தின் உணர்வுக்கான ட்ரைஜெமினல் நரம்பும் கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் மூளைத்தண்டுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே அது கூட்டப்படலாம், குறைக்கவும் படலாம். எவ்வளவு தூங்கினோம், எவ்வளவு பயந்துபோயிருக்கிறோம், அடுத்து என்ன ஆகும் என்று எதை எதிர்பார்க்கிறோம், கவனம் எங்கே இருக்கிறது, எல்லாமே அந்தக் கூட்டல் கழித்தலில் சேரும். வலி அடிக்கடி வரவர அந்த நரம்புப் பாதையே கூர்மையாகிவிடுகிறது. ஒருமுறை திருடனைப் பார்த்துவிட்ட காவல் நாய் பிறகு இலை விழுந்தாலும் குரைக்கும் இல்லையா, அந்த நிலைதான். நாய் பொய்யாகக் குரைக்கவில்லை. அதைச் சாந்தப்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் இது தெரியாது, ஏனென்றால் ஸ்கேன் மூளையின் அமைப்பைத்தான் காட்டும், நரம்பு எவ்வளவு உஷாராக இருக்கிறது என்பதைக் காட்டாது.

நான் சமாதானமானது இந்த விளக்கத்தால் மட்டுமல்ல, இரண்டு ஆய்வுகளைப் படித்ததால். 2017-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. மைக்ரேன் இருக்கும் 8 முதல் 17 வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அமிட்ரிப்டிலின், ஒரு குழுவுக்கு டோபிரமேட், மூன்றாவது குழுவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. இரண்டு மருந்துகளும் மைக்ரேன் அடிக்கடி வராமல் தடுப்பதற்காக அதிகம் எழுதப்படுபவை. தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலின் குழுவில் 52 சதவீதம், டோபிரமேட் குழுவில் 55 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 61 சதவீதம். மேற்கொண்டு நடத்திப் பயனில்லை என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பக்க விளைவுகள் மட்டும் மருந்துக் குழுக்களில் அதிகம்.

இதைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் பிள்ளைகளின் வலியே கற்பனைதான் என்று யாராவது சொன்னால் கோபம் வரும் எனக்கு. அந்த 61 சதவீதப் பிள்ளைகள் வெறும் வெற்று மாத்திரையை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மருத்துவர்கள் அவர்களை ஒழுங்காகப் பார்த்துப் பேசினார்கள், பிள்ளைகள் தினமும் நாட்குறிப்பு எழுதினார்கள், வலி குறையும் என்று எதிர்பார்த்தார்கள். இந்த வயது மூளைக்கு எதிர்பார்ப்பாலும் பழக்கத்தாலும் வலியைக் கீழே இறக்கும் திறன் இருக்கிறது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

இன்னொன்று அதற்கு நான்கு வருடம் முன்பே, 2013-ல், அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழான ஜாமாவில் வந்தது. நாள்பட்ட மைக்ரேன் இருந்த 135 பேர், வயது 10 முதல் 17. தொடங்கும்போது 28 நாளில் சராசரியாக 21 நாள் அவர்களுக்குத் தலைவலி. அந்த வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எல்லாருக்குமே அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். அதோடு ஒரு பாதிப் பேருக்கு சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றுவிப்பது), மறுபாதிக்குத் தலைவலியைப் பற்றிய வகுப்பு. இரண்டு தரப்புக்கும் ஆலோசகரோடு செலவிட்ட நேரம் சமம். 20 வாரத்தில் சிபிடி குழுவில் தலைவலி நாட்கள் சராசரியாக 11.5 குறைந்தன, வகுப்புக் குழுவில் 6.8. பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் சிபிடி குழுவில் 66 சதவீதம், வகுப்புக் குழுவில் 36. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அது 86 சதவீதமும் 69 சதவீதமும். இதை வைத்துத்தான் 2019-ல் வந்த அமெரிக்க நரம்பியல் வழிகாட்டுதலும் அமிட்ரிப்டிலினைத் தனியாகக் கொடுப்பதைவிட சிபிடியோடு சேர்த்துக் கொடுக்கும் வழியைப் பெற்றோரிடம் பேசச் சொல்கிறது.

அப்புறம், அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? சோஃபாவில் சாயவைத்துச் சின்ன வயது ஞாபகங்களைக் கிளறுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போகும் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். அது நீச்சல் வகுப்பு, டைப்ரைட்டிங் வகுப்பு வரிசையில் வரும் ஒன்று. சொல்லிக்கொடுப்பார்கள், வீட்டில் பழக வேண்டும், அடுத்த வாரம் போய்க் காட்ட வேண்டும். பெரும்பாலும் சில வாரங்கள், அல்லது சில மாதங்களில் முடிந்துவிடும்.

முதலில் நாட்குறிப்பு. எப்போது வலி வந்தது, எத்தனை மணிக்குத் தூங்கினாள், சாப்பாட்டைத் தவறவிட்டாளா, மாத்திரை போட்டாளா, அன்றைக்கு எதைச் செய்ய முடிந்தது, எதை விட்டாள். பிறகு வயிற்றால் மூச்சு விடுவது. அதற்குப் பிறகு தசைத் தளர்வுப் பயிற்சி. 1920-களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது, இன்றும் அதேதான். கையை முஷ்டியாக இறுக்கு, பிடி, விடு. தோளைக் காதுவரைக்கும் தூக்கு, பிடி, விடு. நெற்றியைச் சுருக்கு, பல்லைக் கடி, விடு. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்குப் புரிந்துவிட்டால் பகலில் தாடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தானாகவே பிடிபடும். என் மகள் எழுதும்போது இடது தோள் மேலே ஏறியே இருக்கும். அதை அவளே கண்டுபிடித்தது இப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது பயோஃபீட்பேக். நடுவிரல் நுனியில் சின்ன உணரி ஒன்றை ஒட்டுவார்கள், எதிரே திரையில் விரலின் வெப்பநிலை. மனசு பதறினால் உடம்பு கையில் இருக்கும் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், விரல் சில்லிட்டுப்போகும். தளர்ந்தால் குழாய்கள் விரியும், விரல் சூடாகும். அவளுக்கு ஆரம்பத்தில் 28 டிகிரி காட்டியது. ஏற்றிக் காட்டுகிறேன் பார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு முயற்சி செய்தாள், இன்னும் இறங்கியது. ஆலோசகர் சிரித்துக்கொண்டே, "ஏத்தணும்னு நினைக்காதே கண்ணா. கை கனமா இருக்கு, வெதுவெதுப்பா இருக்குன்னு மட்டும் நினைச்சுக்கோ, நம்பரை அது பாட்டுக்கு விடு" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 29, 30, மெதுவாக 33. அவள் முகத்தில் அன்று பார்த்த ஆச்சரியம் வெறும் விளக்கத்தால் வந்திருக்காது. தன் உடம்புக்குள் தன்னால் கை வைக்க முடியாது என்று நம்பியிருந்த ஒரு பிள்ளை, முடியும் என்று எண்ணிலேயே பார்த்துவிட்டது. கையைச் சூடாக்கும் இந்த முறை 1960-களின் கடைசியில் அமெரிக்காவின் மென்னிங்கர் மனநல மையத்தில் தொடங்கியது. பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு மைக்ரேன் விலகிய அதே நேரத்தில் கைச்சூடு கிடுகிடுவென்று ஏறியதைக் கவனித்ததிலிருந்து வந்த யோசனை.

சிபிடியில் எண்ணங்களையும் எடுத்துப் பேசுவார்கள். நல்லதையே நினை என்ற போதனை இல்லை அது, அப்படிப் போதனை செய்பவர்களிடம் பிள்ளையைக் கூட்டிப்போகவே வேண்டாம். லேசாக நெற்றிப் பொட்டில் ஆரம்பித்ததுமே ஒரு பிள்ளையின் மனசு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பார்கள். "ஐயோ வந்துடுச்சு, சாயங்காலத்துக்குள்ள தாங்க முடியாது, நாளைக்கு டெஸ்ட் போச்சு, இந்த வருஷமே போச்சு." இந்த ஓட்டத்தை அப்படியே ஒரு தாளில் எழுதவைத்து, போன முறை இப்படி ஆரம்பித்தபோது நிஜத்தில் என்ன ஆனது என்று நாட்குறிப்பைப் புரட்டச் சொல்வார்கள். சில நாள் தாங்க முடியாமல்தான் போயிருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. பல நாள் ஒரு மணி நேரத்தில் அடங்கியிருக்கும். பிறகு, வந்தால் நான் செய்யப்போவது என்ன என்று ஒரு வரிசை: தண்ணீர் குடிப்பேன், மூச்சுப் பயிற்சி செய்வேன், மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை போடுவேன், 15 நிமிடம் கழித்து வகுப்புக்குத் திரும்புவேன்.

கடைசியில் சொன்ன அந்தத் திரும்புவேன் என்பதில்தான் பாதி சிகிச்சை இருக்கிறது. வலி முழுதாகப் போகட்டும், பிறகு பள்ளிக்கூடம் போகலாம் என்று எல்லாருக்கும் தோன்றும், நியாயமாகவும் தெரியும். ஆனால் இந்த வகை வலியில் நடப்பது தலைகீழ். முதலில் வாழ்க்கை திரும்புகிறது, வலி பின்னால் மெதுவாகக் குறைகிறது. வீட்டில் இருட்டறையில் படுத்தே கிடந்தால் பகலில் தூங்கி ராத்திரித் தூக்கம் கெடும், பாடம் மலையாகக் குவியும், சிநேகிதிகள் விலகிப்போவார்கள், இதில் ஒவ்வொன்றும் அடுத்த வலிக்குக் காரணமாகும். மருத்துவர்கள் பெட்மிடாஸ் என்ற ஆறு கேள்விப் படிவம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள், 2001-ல் வந்தது. அதன் ஆறு கேள்விகளில் எதிலும் எவ்வளவு வலிக்கிறது என்று கேட்கவே மாட்டார்கள். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் பள்ளி போகவில்லை, எத்தனை நாள் பாதியில் திரும்பினாய், எத்தனை நாள் வகுப்பில் இருந்தும் பாதிகூட முடியவில்லை, வீட்டுப்பாடம், விளையாட்டு, இதுதான் கேள்வி. எனக்கு இது மிகச் சரியான அளவுகோல் என்று படுகிறது.

எங்கள் ஆலோசகர் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். முதலில் காலை வகுப்புகள் மட்டும், பிறகு மதியம் வரை, பிறகு முழு நாள். வலி வந்தால் ஓய்வறையில் கொஞ்ச நேரம், வீட்டுக்கு போன் கிடையாது, தேர்வில் கூடுதல் நேரம். நல்ல நாளில் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்துவிட்டு மறுநாள் விழுவதும் கூடாது என்று அவளிடம் சொன்னார். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம்.

பெற்றோர் பகுதிக்கு வருகிறேன். நிறைய நேரம் பேச வேண்டியது இங்கேதான். எங்களிடம் ஆலோசகர் முதலில் வைத்த கோரிக்கை, "வலி எப்படி இருக்குன்னு கேட்கறதை நிறுத்துங்க. அவளா சொன்னா கேட்டுக்கோங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க." பெற்ற மனசுக்கு இது எவ்வளவு கல்நெஞ்சமாகக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இதற்கு அடிப்படையாக ஒரு அழகான ஆய்வு இருக்கிறது. 2006-ல் வந்தது, தலைவலியில் செய்யப்பட்டதில்லை, அடிக்கடி வயிற்றுவலி வரும் குழந்தைகளிடம் செய்தது. பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து லேசான அசௌகரியத்தை உண்டாக்கிவிட்டு, பெற்றோரில் ஒரு பகுதியினரை வலியைப் பற்றியே அக்கறையாகப் பேசச் சொன்னார்கள், ஒரு பகுதியினரை வேறு பேச்சுக்கு மாற்றச் சொன்னார்கள், மிச்சப் பேரிடம் எதுவும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாத குழுவோடு ஒப்பிட்டால், வலியையே பேசிய வீட்டுப் பிள்ளைகளின் புகார்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பேச்சை மாற்றிய வீட்டுப் பிள்ளைகளிடம் பாதி. என்னை உலுக்கியது இதற்கடுத்த பகுதி. பேச்சை மாற்றினால் பிள்ளைக்குப் பாதகமாகத்தான் இருக்கும் என்று வயிற்றுவலிப் பிள்ளைகளின் அம்மாக்கள் கருதினார்கள். பிள்ளைகளோ, அப்படிப் பேச்சை மாற்றிய பெற்றோரால்தான் தங்களுக்கு இதமாக இருந்தது என்றார்கள்.

அக்கறையே காட்டாதீர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அக்கறை வலியின் பக்கம் மட்டும் போகாமல் பிள்ளையின் பக்கம் போக வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் தலைவலி இருந்ததா என்பதற்குப் பதில் இன்றைக்கு யாரோடு உட்கார்ந்தாய் என்று கேட்பது, வலியோடு போய் இரண்டு வகுப்பு உட்கார்ந்துவிட்டு வந்தால் அதைக் கவனித்துச் சொல்வது, வீட்டில் இருக்க நேர்ந்த நாளில் அது டிவியும் போனுமாகக் கொண்டாட்ட நாளாக ஆகாமல் பார்த்துக்கொள்வது. தூங்கும் நேரத்தை வீடே காக்க வேண்டும், 13 வயதுக்கு மேல் எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை. தாத்தா பாட்டிக்கும் இதைப் புரியவைக்க வேண்டியிருந்தது, மாத்திரையை ஒளித்துவைத்துக் கொடுப்பதில் பாட்டியை மிஞ்ச ஆள் இல்லை.

இந்தச் சிகிச்சைக்கும் எல்லை உண்டு. 2018-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் அறிக்கை) பிள்ளைகளின் நாள்பட்ட வலிக்கான உளவியல் சிகிச்சைகள் பற்றி 47 ஆய்வுகளை, மொத்தம் 2,884 பேரை, சேர்த்துப் பார்த்தது. தலைவலி வரும் எண்ணிக்கை சிகிச்சை முடிந்த கையோடு நன்றாகவே குறைகிறது, கூடுதலாக ஒரு பிள்ளைக்குப் பலன் கிடைக்க ஏறக்குறைய மூன்று பேருக்கு சிகிச்சை தந்தால் போதும் என்ற கணக்கு. மருத்துவத்தில் இது நல்ல கணக்கு. ஆனால் மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் நீடித்ததாகத் தெரியவில்லை. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் தலைவலிப் பிள்ளைகளுக்கு மாற்றம் காணப்படவில்லை. ஆய்வுகளின் தரமும் பெரும்பாலும் குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு விஷயம். பயிற்சியை நிறுத்தினால் பலனும் நிற்கும், ஆகவே அவ்வப்போது போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு உண்மையாகவே மனச்சோர்வோ, பள்ளியில் யாராவது துன்புறுத்துவதால் வரும் பயமோ இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், தலைவலிப் பயிற்சி அதையும் சேர்த்துத் தீர்க்கும் என்று விட்டுவிடக் கூடாது. மைக்ரேன் சில பேருக்கு ஆயுள்வரை வரும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவர் பூ பில்லே, கடுமையான மைக்ரேன் இருந்த 73 பள்ளிப் பிள்ளைகளை 40 வருடம் தொடர்ந்து கவனித்தார், ஐம்பது வயதை ஒட்டியும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது வந்துகொண்டுதான் இருந்தது. சின்ன வயதில் கற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கம் வளர்ந்த பிறகும் பிள்ளையோடு இருக்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

என் மகளுக்கு இன்னமும் தலைவலி வருகிறது. முன்பு மாதத்தில் பெரும்பாலான நாள் வலி, இப்போது எப்போதாவது ஒரு நாள். வந்தால் தோளை இறக்கிவிட்டு, கண்ணை மூடி, கை சூடாவதை நினைத்துக்கொள்கிறாள், போதவில்லையென்றால் மாத்திரை போடுகிறாள், முடிந்தவரை வகுப்பிலேயே இருக்கிறாள்.

உளவியலாளரைத் தேடும்போது, பிள்ளைகளின் வலிக்குச் சிகிச்சை தந்து பழக்கமுண்டா, தளர்வுப் பயிற்சியும் சிபிடியும் சொல்லித்தருவீர்களா, எத்தனை அமர்வு, பெற்றோருக்கும் பங்கு உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். மாதக்கணக்கில் பேச்சு மட்டும் நடந்து, வீட்டில் பழக ஒன்றுமே தரவில்லையென்றால் ஆளை மாற்றலாம். நரம்பியல் மருத்துவரை விட்டுவிட வேண்டாம், இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது. அருகில் யாரும் கிடைக்கவில்லையென்றால் வீடியோ வழியாகவும் இணையத்தின் வழியாகவும் இந்தப் பயிற்சிகளைத் தருபவர்கள் உண்டு, பிள்ளைகளிடம் அதுவும் பலன் தருவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்கு நாள் கிடைக்கும்வரை நாட்குறிப்பையும் தூக்க நேரத்தையும் நீங்களே தொடங்கிவிடலாம். முதல் அமர்வுக்குப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், அவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான்.